பழந்துருக்கியச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குருமா, உருது, பேகம் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொற்களுக்குப் பின்னால் ஒரு துருக்கிய வேர் இருக்கிறது என்று எங்கோ படித்திருப்பீர்கள். சரி, அந்த வேரை நாமே தோண்டிப் பார்க்கலாம் என்று இறங்கினால் முதல் வாரத்திலேயே மூச்சு வாங்கும். பாதி நூல்கள் ரஷ்ய மொழியில், மீதியில் பெரும்பகுதி ஜெர்மனிலும் துருக்கியிலும். எதை முதலில் திறப்பது, எதை நம்புவது என்று தமிழில் சொல்ல ஆளில்லை. நான் முட்டி மோதிக் கற்ற வரிசையை இங்கே வைக்கிறேன். உங்களுக்காவது அலைச்சல் குறையட்டும்.

தொடங்குமுன் சில குறிப்புகள். 'துருக்கி' என்றால் இன்றைய துருக்கி நாட்டு மொழி. 'துருக்கிய' என்றால் சைபீரியாவின் யாகூத்து முதல் கசாக்கு, துர்க்மேனியம், ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் பேசும் சுவாஷ் வரை உள்ள முழுக் குடும்பம். 'பழந்துருக்கியம்' என்றால் அந்தக் குடும்பத்தில் பழைய கல்வெட்டுகளிலும் உய்குர் ஏடுகளிலும் கிடைக்கும் பழைய நிலை. துருக்கிய உயிர்கள் சிலவற்றைத் தமிழில் எழுத முடியாது. இதழ் குவித்துச் சொல்லும் எகர, இகரங்களை 'ஒ', 'உ' என்றே எழுதியிருக்கிறேன். 'ஃஸ்' என்று வருவது ஸீப்ராவின் முதல் ஒலி. 'ஒக்கு' என்று இரட்டித்தால் வல்லோசை, 'ஒகு' என்றால் மெல்லிய ககரம்.

1. ஒரே ஒரு சொல்லை எடுங்கள், எளிய சொல்லாக

விலங்கு, உடல் உறுப்பு, எண் ஆகியவை நல்ல தொடக்கம். எல்லாக் கிளைமொழிகளிலும் கிடைக்கும், பொருளும் அதிகம் மாறியிருக்காது. ககன் (பேரரசன்), தெங்ரி (வானம், கடவுள்), 'துருக்' என்ற இனப்பெயர் ஆகியவற்றை முதல் வருடம் தொடாதீர்கள். எல்லாரும் அவற்றில்தான் தொடங்குகிறார்கள், எல்லாரும் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். தெங்ரி பழந்துருக்கியத்தில் முன்னுயிர்ச் சொல், அதாவது எ, இ போல வாயின் முன்பகுதியில் பிறக்கும் உயிர்கள் கொண்டது. ஆனால் துருக்கியில் தன்ரி, யாகூத்தில் தங்கரா, சுவாஷில் துர என்று பின்னுயிர்களோடு (அ, ஒ, உ போன்றவை) வருகிறது. இந்தக் குழப்பத்துக்கு இன்றுவரை எல்லாரும் ஏற்கும் விளக்கம் இல்லை.

இந்தக் கட்டுரைக்கு ஒரு பழமொழியை எடுத்துக்கொள்வோம். மஹ்மூத் அல்-காஷ்கரி 1070களில் பாக்தாத்தில் தொகுத்த துருக்கிய–அரபு அகராதியில் அது வருகிறது: எருதின் காலாக இருப்பதைவிடக் கன்றின் தலையாக இருப்பது மேல். இதில் ஒக்குஃஸ் (எருது), அதக் (கால்), புஃஸகு (கன்று), பஷ் (தலை) என்று நான்கு சொற்கள். முதல் மூன்றும் ஒழுங்காக நடந்துகொள்ளும். நான்காவது வம்பு பண்ணும். பயிற்சிக்கு இதைவிட நல்ல தொகுதி கிடைக்காது.

2. ஆவணங்களும் செலவும்

முதல் சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைப்பவற்றை முதலில் சொல்கிறேன்.

பழைய உய்குர் மொழிக்கு யென்ஸ் வில்கன்ஸ் தொகுத்த கையகராதி, கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2021. உய்குர்–ஜெர்மன்–துருக்கி. முழு நூலையும் சட்டப்படி இலவசமாகத் தரவிறக்கலாம். ஜெர்மன் தெரியாவிட்டாலும் துருக்கிப் பொருளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒப்பிடலாம். துருக்கி மொழிச் சொற்களுக்கு நிஷான்யான் இணைய அகராதி. ஒரு சொல் முதன்முதலில் எந்த ஏட்டில், எந்த ஆண்டில் பதிவாகியிருக்கிறது என்று காட்டுவது இதன் பலம். கல்வெட்டுகளுக்குக் கசாக்ஸ்தானின் 'துரிக் பிதிக்' தளத்தில் படமும் வாசிப்பும் உண்டு. சீனாவின் வடமேற்கில் உள்ள துர்ஃபானில் கிடைத்த பழைய ஏடுகளின் படங்களைப் பெர்லின் அகாடமி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது.

அடுத்து, நூலகத்தில் தேட வேண்டியவை. ஜெரார்ட் க்ளாஸனின் 13ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய துருக்கியச் சொற்பிறப்பியல் அகராதி, ஆக்ஸ்போர்டு, 1972. இதுதான் உங்கள் முதுகெலும்பு. ஆங்கிலத்தில் இருப்பது பெரிய நிம்மதி. காஷ்கரிக்கு டாங்கோஃப், கெல்லி இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1982–85, மூன்று பகுதிகள்). இன்றைய மொழிகளின் வடிவங்களுக்குச் செவோர்த்யான் தொடங்கிய ரஷ்ய அகராதி. முதல் பகுதி 1974இல் வந்தது. கடன் எந்தத் திசையில் போனது என்ற கேள்விக்கு கெர்ஹார்ட் டோர்ஃபரின் நான்கு பகுதிகள் (1963–75). பாரசீகத்தில் புகுந்த துருக்கிய, மங்கோலியச் சொற்களைப் பற்றியது, ஜெர்மனில். ஹங்கேரியச் சான்றுக்கு ரோனா-தாஸ், பெர்தா இருவரின் 2011 நூல், ஆங்கிலத்தில்.

இவற்றின் அச்சுப் பிரதிகளை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பழைய பிரதிகளின் விலை கையைக் கடிக்கும். துருக்கியிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டுவதும் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் உறுப்பினராக இருப்பவர் யாரையாவது பிடித்து, நூலகங்களுக்கிடையேயான கடன் வசதியில் தேவையான பக்கங்களை மட்டும் கேட்பது மலிவு. ஒரு சொல்லுக்கு உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு நூலிலும் ஓரிரு பக்கம்தான். ஆய்வுக் கட்டுரை பணம் கட்டும் தளத்தில் மாட்டியிருந்தால் எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் ஸ்டாரோஸ்டின், தீபோ, முத்ராக் மூவரின் அல்தாயிக் அகராதித் தரவுத்தளம் (அச்சில் 2003) முதலில் வந்து நிற்கும். துருக்கியம், மங்கோலியம், துங்குஸியம், கொரியம், ஜப்பானியம் ஐந்தும் ஒரே தாயின் பிள்ளைகள் என்ற கருத்தின் மேல் கட்டியது அது. அந்தக் கருத்தையே பல அறிஞர்கள் கடுமையாக மறுக்கிறார்கள். எந்தெந்த மொழியில் எதைத் தேடுவது என்று அறியப் பயன்படுத்துங்கள். சான்றாக எடுத்து எழுதாதீர்கள்.

3. எழுத்துகளோடு பழகுங்கள்

சிரிலிக் எழுத்துக்கு ஒரு வார இறுதி போதும். ரஷ்ய மொழி முழுதும் தெரிய வேண்டாம். 'குதிரை', 'பழைய', 'ஒப்பிடுக' போன்ற ஐம்பது அறுபது சொற்களும் மொழிப்பெயர்ச் சுருக்கங்களும் தெரிந்தால் செவோர்த்யானைப் புரட்டலாம். மங்கோலியாவின் ஓர்ஹோன் பள்ளத்தாக்கில் உள்ள பழந்துருக்கியக் கல்வெட்டுகளின் எழுத்தில் சுமார் 40 குறிகள். வலமிருந்து இடமாக ஓடும். 2009 முதல் யூனிகோடில் இருப்பதால் இலவச எழுத்துருக்கள் உண்டு.

எழுத்தைக் கற்பதைவிட அது எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஓர்ஹோன் எழுத்தில் ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே குறி. அகரம் பல இடங்களில் எழுதப்படுவதே இல்லை. ஆனால் பல மெய்களுக்கு இரண்டு குறிகள் இருப்பதால் சொல் முன்னுயிர்ச் சொல்லா பின்னுயிர்ச் சொல்லா என்று தெரிந்துவிடும். உய்குர் எழுத்தில் முன்னுயிர்ச் சொற்களின் வல்லோசை, மெல்லோசைக் ககரங்களுக்கு வேறுபாடு கிடையாது. நம் 'க' போலத்தான், ஆனால் இரட்டித்துக் காட்டும் வசதியும் இல்லை. விளைவு: ஒக்குஃஸ் என்றால் எருது, ஒகுஃஸ் என்றால் ஆறு, உய்குர் ஏட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாக்கியத்தைப் படிக்காமல் அகராதி வரியை மட்டும் எடுத்தால் எருது ஓடும் இடத்தில் ஆறு ஓடும்.

உய்குர் மொழியைப் பிராமி எழுத்தில் எழுதிய ஏடுகளும் மத்திய ஆசியாவில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒகரமும் உகரமும் பிரிந்து தெரியும். அப்படியொரு சான்று உங்கள் சொல்லுக்கு இருந்தால் அதிர்ஷ்டம்தான். குமானியர் என்ற துருக்கிய மக்களின் மொழியை லத்தீன் எழுத்தில் பதிந்த குமானியத் தொகுப்பும் (14ஆம் நூற்றாண்டு, வெனிஸ் நூலகம்) உயிர்களைக் காட்டும்.

இன்னொரு தலைவலி எழுத்துப்பெயர்ப்பு. ஒரே ஒலியை ரஷ்யர் ஒரு விதமாக, ஜெர்மானியர் இன்னொரு விதமாக, துருக்கியர் வேறு விதமாக எழுதுவார்கள். முதல் நாளே ஒரு பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் உங்கள் ஒரே முறைக்கு மாற்றுங்கள். மூல நூலின் வடிவத்தை அப்படியே பக்கத்துக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள்.

4. மிகப் பழைய பதிவைப் பிடியுங்கள்

இந்த வேலையில் நான் அடித்துச் சொல்லும் விதி ஒன்றுதான்: ஏட்டில் உள்ளது முதலில், ஊகம் கடைசியில். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். முதலில் ஒரு மூலவடிவத்தைக் கற்பனை செய்துவிட்டு, அதற்கு ஆதாரம் தேடுவார்கள். தேடினால் கிடைக்கும், அதுதான் ஆபத்து.

ஒரு விரிதாளில் இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: வடிவம், மொழி, ஏடு, ஆண்டு, எழுத்துமுறை, பொருள், எந்த நூலின் எந்தப் பக்கம். பிறகு காலவரிசைப்படி தேடுங்கள். கூல் தெகின் கல்வெட்டு (732), பில்கே ககன் கல்வெட்டு (735), பிறகு உய்குர் ஏடுகள், பிறகு குத்தத்கு பிலிக் என்ற நீதிநூல் (1069–70), காஷ்கரி. தொடக்கத்தில் க்ளாஸன் ஒருவரே இவை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஆனால் க்ளாஸனில் சொல்லைக் கண்டுபிடிப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். சாதாரண அகரவரிசை கிடையாது. ஓரசைச் சொற்கள், ஈரசை, மூவசை என்று பிரித்து, பெயரையும் வினையையும் தனித்தனியாக வைத்து, மெய்யெழுத்துகளின் வரிசையில் அடுக்கியிருக்கிறார். உயிரை நம்பித் தேடினால் கிடைக்காது. முன்னுரையை ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து படித்துவிடுங்கள். இல்லையென்றால் ஹங்கேரியின் செகெத் நகரிலிருந்து பின்னாளில் வெளியான தனிச் சொல்லடைவைத் தேடிப் பிடியுங்கள், வேலை பாதியாகும்.

பதிவின் தலைப்பில் உள்ள எழுத்துகளைத் தவறவிடாதீர்கள். 'டி' என்றால் வேறொரு சொல்லிலிருந்து பிறந்தது, 'எஃப்' என்றால் அயல்சொல், 'வி.யு.' என்றால் உயிரொலிப்பு ஐயத்துக்குரியது, 'எஸ்' என்றால் இரண்டாம்நிலை வடிவம், 'இ' என்றால் படியெடுத்தவர் பிழை. 'ஹாப். லெக்.' என்று இருந்தால் அந்தச் சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. உடனே அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு தேர்ந்தெடுங்கள். மாறாக, 'எஸ்.ஐ.ஏ.எம்.எல்.ஜி.' என்று இருந்தால் இன்றைய எல்லாக் கிளைகளிலும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதுதான் உங்களுக்கு வேண்டியது.

காஷ்கரியைப் பற்றி ஒன்று. அவருடைய நூலுக்கு உலகில் ஒரே ஒரு கைப்படிதான் உண்டு. இஸ்தான்புல்லில் இருக்கிறது, 1266இல் படியெடுத்தது. அதாவது, எழுதியவருக்கும் படியெடுத்தவருக்கும் இடையில் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள். அரபு எழுத்தில் ஒரு புள்ளி கூடினால் குறைந்தால் மெய் மாறும். எனவே காஷ்கரி மட்டுமே சாட்சி என்ற சொல்லை எச்சரிக்கையோடு தொடுங்கள்.

இன்றைய துருக்கி அகராதியை மட்டும் வைத்துத் தொடங்குவோருக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. 1930களின் மொழிச் சீர்திருத்தத்தில் ஏராளமான சொற்கள் புதிதாகப் பண்ணப்பட்டன அல்லது பழைய ஏடுகளிலிருந்து எடுத்து உயிரூட்டப்பட்டன. ஒகுல் (பள்ளி), கெனெல் (பொதுவான), அஜுன் (உலகம்) எல்லாம் அந்த வகை. அஜுன் உண்மையிலேயே பழைய சொல்தான், ஆனால் இடையில் பல நூற்றாண்டுகள் துருக்கியில் வழக்கில் இல்லை. அதைப் பரம்பரைச் சொத்தாகக் கணக்கெழுதினால் ஒலிமாற்றக் கணக்கு முழுதும் தப்பும்.

5. விகுதிகளைக் கழற்றுங்கள்

தமிழ் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலை. துருக்கியமும் பகுதியின் பின்னால் விகுதி விகுதியாக ஒட்டும் மொழி, முன்னொட்டு கிடையாது. குத்தத்கு பிலிக் என்ற நூற்பெயரையே பாருங்கள். குத் என்றால் பேறு, குத்தத்- என்றால் பேறுபெறு, -கு ஒரு பெயராக்க விகுதி. பில்- என்றால் அறி, பிலிக் என்றால் அறிவு. அதே -இக் விகுதிதான் பிதி- (எழுது) என்பதிலிருந்து பிதிக் (எழுதப்பட்டது) என்ற சொல்லைத் தருகிறது. பிதி- என்பதன் அடியில் எழுதுகோலைக் குறிக்கும் சீனச் சொல் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். ஆகவே விகுதி சொந்தமாக இருந்தாலும் பகுதி கடனாக இருக்கலாம்.

விகுதிக்கு மார்செல் எர்தாலின் பழந்துருக்கியச் சொல்லாக்க நூல் (1991, இரண்டு பகுதிகள்) இருந்தால் போதும். நீங்கள் கழற்றும் விகுதி வேறு ஐந்தாறு சொற்களிலாவது அதே வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். செய்யாவிட்டால் அது விகுதியே இல்லை, உங்கள் ஆசை. ஒக்குஃஸை எவ்வளவு இழுத்தாலும் பிரிக்க முடியாது. அதையும் விரிதாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் படியில் உதவும்.

6. உறவுமொழிகளை வரிசையில் நிறுத்துங்கள்

இங்கேதான் நேரம் போகும், சுவாரசியமும் இங்கேதான். எல்லா மொழிகளையும் சேர்க்க வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு காரணத்துக்காகக் கூப்பிடுங்கள்.

துர்க்மேனியத்தையும் யாகூத்தையும் உயிர் நீளத்துக்காக. இரண்டிலும் அத் என்றால் குதிரை, ஆத் என்றால் பெயர். துருக்கியில் நீளம் போய்விட்டது. ஆனால் உயிர் விகுதி சேர்ந்தால் குதிரையின் தகரம் வல்லோசையாகவே நிற்கிறது, பெயரின் தகரம் மெல்லோசையாக மாறுகிறது. அதேபோல் யாகூத்தில் ஒத் என்றால் புல், உஒத் என்றால் நெருப்பு. ஒரே மொழியை மட்டும் பார்த்தால் இவற்றை ஒரே வேராக்கிக் கதை கட்டிவிடத் தோன்றும்.

ஈரானின் நடுப்பகுதியில் பேசப்படும் கலஜை மொழிமுதல் ஹகரத்துக்காக. நம் பழமொழியின் அதக் அங்கே ஹதக்.

சுவாஷை ரகர, லகரத்துக்காக. மற்ற மொழிகளில் ஃஸ் வரும் இடத்தில் சுவாஷில் ர் வரும். ஷ் வரும் இடத்தில் ல் வரும். ஒன்பது: தொக்குஃஸ், சுவாஷில் தஹ்ஹர். பெண்: கிஃஸ், சுவாஷில் ஹெர். கல்: தாஷ், சுவாஷில் சுல். நம் எருது சுவாஷில் வகர், கன்று பரு. ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கால்? பழந்துருக்கிய அதக், சைபீரியாவின் ககாஸ் மொழியில் அஃஸஹ், யாகூத்தில் அத்தஹ், துருக்கியில் அயக், சுவாஷில் உர. இங்கே ரகரம் வந்தது தகரத்திலிருந்து. ஆகவே சுவாஷில் ரகரத்தைப் பார்த்த மாத்திரத்தில் மூலத்தில் ஃஸ் என்று எழுதிவிடாதீர்கள். உண்மையான ரகரம், தகரம், ஃஸ் மூன்றும் அங்கே போய்ச் சேரும். இந்தத் தகரம் இனக்குழுவுக்கு இனக்குழு மாறுவதைக் காஷ்கரியே கவனித்துப் பதிந்திருக்கிறார். 11ஆம் நூற்றாண்டு ஆள், நம் வேலையைச் செய்துவைத்திருக்கிறார்!

இப்போது பஷ், தலை. விதிப்படி சுவாஷில் லகரத்தில் முடிய வேண்டும். முடியவில்லை, புஷ் என்பதற்கு அருகில் வருகிறது. இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. உங்கள் வேலை அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது இல்லை. 'ஒழுங்கற்றது' என்று எழுதிவிட்டு நகருங்கள். விதிக்குப் பொருந்தாததை மறைப்பதுதான் இந்தத் துறையில் மன்னிக்க முடியாத குற்றம்.

சுவாஷில் இன்னொரு பள்ளம்: யோல் (வழி), யில் (ஆண்டு) இரண்டும் ஷுல் என்று ஒன்றாகிவிட்டன. கசாக்கில் ஜொல், ஜில்; யாகூத்தில் ஸுஒல், ஸில். சுவாஷை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆண்டு என்பது காலத்தின் வழி' என்று தத்துவம் பேசினால் அழகாக இருக்கும், ஆனால் பொய்.

பொருளையும் வரிசைப்படுத்துங்கள். பழந்துருக்கியத்தில் மாட்டைக் குறிக்க உத் என்று இன்னொரு சொல்லும் உண்டு; பன்னிரண்டு விலங்கு ஆண்டுச் சுழற்சியில் வருவது அதுதான். பலிக் என்றால் மீன், பலிக் என்றால் நகரமும்கூட. பெஷ்பலிக் ஐந்து நகரம். ஐந்து மீன் அல்ல.

7. கடனா, சொந்தமா?

துருக்கியத் தனிச்சொற்கள் ரகர, லகரத்தில் தொடங்குவதில்லை. நமக்குப் பழகிய விதிதான். ரத்னம் தமிழில் இரத்தினம் ஆனதுபோல, மத்திய ஆசியாவின் பழைய ஈரானிய மொழியான சோக்தியம் வழியாக உய்குருக்குப் போன ரத்னம் எர்தினி ஆனது. மொழிமுதல் நகரமும் அரிது. அறம், மறைநூல் என்ற பொருளில் வரும் நொம் கிரேக்க நொமோஸ், சோக்தியம் வழியாக வந்து சேர்ந்தது. சமயம், அரசாட்சி, வணிகம் சார்ந்த சொல் என்றால் கடன் என்ற சந்தேகத்தோடு தொடங்குங்கள். குன்சுய் (இளவரசி), யின்சு (முத்து) இரண்டும் சீனம். குத்தத்கு பிலிக்கில் வணிகனைக் குறிக்கும் சார்த் என்ற சொல் வடமொழி சார்த்தவிலிருந்து வந்தது. நம் சிலப்பதிகாரத்துச் 'சாத்து' என்ற வணிகக் கூட்டமும் அதே இடத்திலிருந்து வந்ததுதான்.

இப்போது எருது. துருக்கியத்தில் ஒக்குஃஸ், சுவாஷில் வகர், மங்கோலியத்தில் உக்கெர், ஹங்கேரியனில் ஒக்கொர். கன்றும் இதே பாதையில்: மங்கோலியத்தில் பிரகு, ஹங்கேரியனில் பொர்யூ. ஹங்கேரிய வடிவங்களின் அருமை அவற்றின் தேதியில் இருக்கிறது. ஹங்கேரியர் இன்றைய நாட்டுக்கு 895ஆம் ஆண்டையொட்டி வந்துசேர்ந்தார்கள். இந்தக் கால்நடைச் சொற்களை அதற்கு முன்பே, கிழக்கு ஐரோப்பியப் புல்வெளியில், சுவாஷின் முன்னோடியான ஒரு துருக்கிய மொழியிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே ரகர வடிவம் 9ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். மங்கோலிய வடிவமும் அத்தகைய ரகரத் துருக்கியத்திலிருந்து வாங்கிய கடன் என்பது ஒரு கட்சி. இரண்டும் ஒரே மூலத்தின் வாரிசுகள் என்பது அல்தாயிக் கட்சி. எனக்கு முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது.

இன்னும் பின்னால் போனால், மத்திய ஆசியாவில் பேசப்பட்டு மறைந்துபோன தொகாரிய மொழியில் ஒக்ஸொ, எருது. அது இந்தோ-ஐரோப்பியச் சொல், வடமொழி உக்ஷன் அதன் உறவு. துருக்கியர் அங்கிருந்து வாங்கியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். ஐந்தாம் படியில் சொல்லைப் பிரிக்க முடியாமல் போனது இந்த ஊகத்துக்குச் சாதகம். ஆனால் அதை ஏற்றால் மூலத்தில் இருந்தது ஸகரம் சார்ந்த ஒலி, ரகரம் பிறகு வந்தது என்றாகும். ரகரமே மூலம் என்பவர்கள் அதனாலேயே இதை ஏற்கத் தயங்குவார்கள். ஒரு எருதின் பின்னால் இவ்வளவு பெரிய வழக்கு. உங்கள் குறிப்பில் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

தமிழருக்கென்றே தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. துருக்கிய அன அம்மா, நம் அன்னை. துருக்கிய அத்த அப்பா, நம் அத்தன். மங்கோலியத்தில் கல் சிலகுன், நமக்குச் சிலை. கை துறுதுறுக்கும். உலகெங்கும் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளால் ஆன உறவுப்பெயர்கள் எந்த உறவையும் நிறுவாது. சிலகுன் தாஷோடு சேர வேண்டியது, சிலை வடமொழிச் சிலாவோடு சேர வேண்டியது. பார்வைக்கு ஒத்திருப்பது தற்செயல். ஒரே ஒலிமாற்றம் பத்துச் சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் பேசலாம்.

8. இப்போது உடுக்குறி

இதுவரை வந்த பிறகுதான் மீட்டுருவாக்க வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி (*) போடலாம். ஏட்டில் இல்லாத வடிவம் என்பதற்கு அடையாளம் அது. ஃஸ்–ர் சிக்கலில் மூலம் எது என்று முடிவெடுக்க முடியாதபோது, ரகரத்தின் மேல் 2 என்று எண் போட்டு எழுதும் வழக்கம் உண்டு. அதைப் பின்பற்றுங்கள். யாரோடும் சண்டை வராது.

கீழே மூன்று வரி எழுதுங்கள்: எது ஏட்டில் இருக்கிறது, எது ஒழுங்கான ஒலிமாற்றத்தால் வருவது, எது உங்கள் ஊகம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது உங்களுக்கே எது எதுவென்று புரியாது.

9. எவ்வளவு நாள் ஆகும்?

வேலைக்குப் போய்க்கொண்டே மாலைகளில் செய்வதாக வைத்துக்கொண்டால், எழுத்துகளுக்கும் சுருக்கங்களுக்கும் ஒரு மாதம் கொடுங்கள். முதல் சொல்லுக்கு இன்னொரு மாதம். அதில் பாதி, பக்கங்கள் வந்து சேரக் காத்திருப்பதில் போகும். ஆகவே நூலகக் கோரிக்கையை முதல் நாளே அனுப்பிவிட்டு எழுத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். கோரும்போது உங்கள் சொல்லின் பக்கத்தோடு முன்னுரையையும் சுருக்கப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். இதை மறந்தால் இரண்டாவது முறை காத்திருக்க வேண்டிவரும். வரும் ஒவ்வொரு பக்கத்தின் கோப்புப் பெயரிலும் நூல், பகுதி, பக்க எண் மூன்றையும் போட்டுவையுங்கள்.

இரண்டாவது சொல்லுக்கு இங்கெக், பசு. துருக்கியில் இனெக், சுவாஷில் எனெ. எருதுக்குச் சேர்த்த கால்நடைப் பக்கங்களில் பாதி இதற்கும் உதவும், இரண்டு வாரத்தில் முடிக்கலாம்.